கறுப்புக்குப் பத்துச் சரணம்

செக்கரம்மா பேருந்தில் ஏறினால் டிக்கெட் எடுத்தவனுக்கும் வியர்க்கும். அவள் டிக்கெட்டைப் பார்ப்பதில்லை, தொண்டையைப் பார்ப்பாள். டிக்கெட் இல்லாதவன் எச்சில் விழுங்குவான். விழுங்காமல் இருக்கப் பார்க்கிறவன் இரண்டு தடவை விழுங்குவான். இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு இருபத்தொன்பது வருடங்களில் அவள் பிடித்தவர்களை வரிசையாக நிறுத்தினால் பணிமனையிலிருந்து ஆற்றுப்பாலம் வரைக்கும் நிற்பார்கள் என்று டிரைவர்கள் சொல்வார்கள். கூரைமேல் சாக்குக்குள் சுருண்டு கிடந்த ஒருவனை, தரையில் நின்றபடியே, "மேல இருக்கிற மூட்டைக்கு இருமல் வருது, இறங்கச் சொல்லு" என்று இறக்கியவள். ஒருமுறை ஓடும் வண்டியில் ஒரு பெரியவர் உட்கார்ந்த வாக்கிலேயே இறந்துபோனார். அவர் சட்டைப்பையில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செக்கரம்மா மற்றவர்களை அழ விட்டாள். பெரியவர் இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் கூடுதலாகவே எடுத்திருந்தார். நல்ல மனிதர்.

சந்தேகம் அவளுக்கு உத்தியோகத்தோடு வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்கிற ஆராய்ச்சியை அவள் கணவர் கல்யாணமான மூன்றாம் நாளே கைவிட்டுவிட்டார். அவர் மருந்துக்கடைக்காரர். எந்த வியாதிக்கும் "மூணு நாள் பாருங்க" என்று சொல்லும் ரகம். தன் மனைவிக்கு முப்பது வருடமாக மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் மழை நாற்பது நாளாகத் தூறிக்கொண்டிருந்தது. பலமாகப் பெய்தால் திட்டிவிட்டு வீட்டில் இருக்கலாம். நின்றால் வேலைக்குப் போகலாம். இது இரண்டும் இல்லை. பேருந்து ஜன்னல் ரப்பரில் காளான் முளைத்தது. ஒரு டிரைவர் அதைப் பறித்து முட்டையோடு வதக்கித் தின்றுவிட்டு இரண்டு நாள் விடுப்பில் போனார். செக்கரம்மாவின் அம்மா இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

அப்படி ஒரு தூறல் காலையில், பின்படியில் கால் வைத்ததும் செக்கரம்மா அந்தப் பாட்டைக் கேட்டாள்.

*கொடியில கெடந்த துணி
மடிக்க ஆளு இல்லையம்மா
மடிச்சு வச்ச ஒன் வாசம்
விரிக்க மனசு இல்லையம்மா*

கடைசி இருக்கையில் ஓர் ஆள். மடியில் பக்கெட், பக்கெட்டில் நீளக் கைப்பிடி வைத்த பிரஷ், முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே, வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார்.

செக்கரம்மாவுக்குக் கம்பியைப் பிடித்த கை நழுவியது. அது அவள் அம்மாவின் பாட்டு. சின்ன வயதில் செத்துப்போன தன் தாயை நினைத்து அம்மா கட்டிய பாட்டு. சமையலறையில், அவளைக் காலிடுக்கில் உட்காரவைத்துத் தலை வாரும்போது மட்டும் பாடுவது. மொத்தம் பத்துச் சரணம். சிக்கு அதிகமான நாளில் பத்தும் உண்டு. இல்லாவிட்டால் ஐந்தோடு சரி. உலகத்தில் இந்தப் பாட்டு தெரிந்த தலை தன்னுடையது ஒன்றுதான் என்று ஐம்பத்து நான்கு வயதுவரை நம்பியிருந்தாள்.

"பக்கெட்டுக்கு லக்கேஜ் எடுத்தீங்களா?"

"பக்கெட் மடியில இருக்கு மேடம்."

"பிரஷ்?"

"அது பக்கெட்ல இருக்கு."

அவர் தொண்டை அசையவில்லை.

"பாட்டு?"

"பாட்டுக்கும் டிக்கெட் போட்டுட்டாங்களா?"

"எங்கேருந்து எடுத்தீங்கன்னு கேக்குறேன்."

"எங்கேருந்தும் எடுக்கல. எங்கம்மா பாட்டு."

இந்த இடத்தில் எச்சில் விழுங்கியது செக்கரம்மா. கண்டக்டர் பார்த்துவிட்டார். அன்று மாலையே பணிமனை முழுக்கப் பரவிவிட்டது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை ஜன்னலில் கோடு கோடாக இறங்கியது. அந்த ஆள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினார். அவள் மனதுக்குள் கூடவே போனாள். ஒரு சொல் மாறவில்லை. பத்தாவது முடிந்தது. அவள் மூச்சு விட்டாள். அவர் நிறுத்தவில்லை.

*மூத்தவன் வர்றான் அம்மா
மொகம் ஒனக்குத் தெரியாது
பசிச்சாலும் அழமாட்டான்
பாத்து எடுத்துக்கோ அம்மா*

மூத்தவன்.

அவள் வீட்டில் மூத்தவள் அவள். அடுத்தவன் தம்பி. இவர்கள் இரண்டு பேருக்கு மேல் மூன்றாவதாக ஒரு பிள்ளைக்குத் தட்டுகூட அந்த வீட்டில் இருந்ததில்லை.

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தாறு. எதுக்கு, சீனியர் சிட்டிசன் பாஸா?"

அவளைவிட இரண்டு வயது கூடுதல். செக்கரம்மா அவர் காதைப் பார்த்தாள். அம்மாவுக்கும் காது மடல் இப்படித்தான், கன்னத்தோடு ஒட்டினாற்போல் இருக்கும். பார்க்கப் பார்க்க அது அம்மாவின் காதாகவே ஆகிக்கொண்டு வந்தது. பயந்துபோய் டிரைவர் காதைப் பார்த்தாள். அதுவும் ஒட்டித்தான் இருந்தது.

அவள் இறங்கவேண்டிய இடம் தாண்டி நான்கு நிறுத்தம் போய்விட்டது.

*

வீட்டில் அன்று சோறும் கீரையும் அவித்த முட்டையும். மருந்துக்கடைக்காரர் முட்டையை நூலால் இரண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். கத்தியில் அறுத்தால் மஞ்சள் உதிரும் என்பது அவர் கட்சி.

"எங்கம்மாவுக்கு எனக்கு முன்னாடி ஒரு புள்ள இருந்திருக்கு."

"ம்."

"அதை யார்கிட்டயோ குடுத்திருக்கா."

"ம்."

"அது இப்போ பக்கெட்டும் கையுமா பஸ்ல போகுது."

மருந்துக்கடைக்காரர் நூலைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"அவன் பாடுறான். எங்கம்மா பாட்டு. நம்ம வீட்டு அடுப்படியைத் தாண்டாத பாட்டு. அதுல எனக்குத் தெரியாத சரணம் ஒண்ணு. மூத்தவன் வர்றானாம்."

"பாட்டுன்னா நாலு பேர் பாடத்தான் செய்வாங்க. ஒரு மூணு நாள் பாரேன்."

"நான் எழுந்திருச்சேன்னா தெரியும்."

கொல்லைப்புறத்து அறையில் அவள் தம்பி இருந்தான். தொழிற்சாலை கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவன். அதனால் வீட்டில் நாலு பேருக்குச் சமைத்தாலும் முந்நூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவான். அம்மா கடைசி மூன்று வருடம் அவனோடுதான் இருந்தாள். செக்கரம்மா முற்றத்தைத் தாண்டிப் போய் வாசலில் நின்றாள். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், எனக்கு முன்னாடி அம்மாவுக்கு யாராவது இருந்தாங்களாடா?"

"யாராவதுன்னா?"

"புள்ள."

"அக்கா, எனக்கு முன்னாடி நீ இருந்தே. அதுவே எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. உனக்கு முன்னாடி வேறயா?"

"விளையாடாத. மூணு வருஷம் உன்கூட இருந்தாளே, ஒண்ணுமே சொல்லலையா?"

"ஏன் சொல்லல? தினமும் சொன்னா. உப்பு கம்மின்னு சொன்னா. முந்நூறு பேர் சாப்பிடுறான், ஒருத்தன் சொன்னதில்ல. உன் அம்மாவுக்கு மட்டும் உப்பு கம்மி."

"நீ எதையோ மறைக்கிற."

"வெங்காயம் நறுக்குறேன்க்கா. கண்ணுல தண்ணி வந்தா மறைக்கிறேன்னு அர்த்தமா?"

"இந்தப் பாட்டு தெரியுமா தெரியாதா, அதைச் சொல்லு." அவள் முதல் சரணத்தை முணுமுணுத்தாள். பாட வராது அவளுக்கு. நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கிற மாதிரி இருந்தது. இருந்தாலும் தம்பியின் கத்தி நின்றது.

"யாரு பாட்டு இது?"

"அம்மா பாட்டு."

"நம்ம அம்மா பாடுவாளா?"

"எனக்குத் தலை வாருறப்போ பாடுவா."

தம்பி கத்தியை வெங்காயத்தின் பக்கத்தில் வைத்தான். அவன் குரல் முதல் தடவையாக ஒரே ஓர் ஆளுக்குக் கேட்கிற அளவுக்கு இறங்கியது. "எனக்கு ஒரு நாள்கூடப் பாடினதில்லையே. நாப்பத்தெட்டு வருஷம். காய்ச்சல்ல கெடந்தப்போகூட இல்ல. உனக்குப் பத்துச் சரணம் பாடியிருக்கா, ரோட்டுல போறவனுக்குப் பதினொண்ணு பாடியிருக்கா, எனக்கு மட்டும் உப்பு கம்மியா? அப்போ நான்தான் எடுத்து வளர்த்த புள்ளையா?"

பின்னாலேயே வந்து நின்றிருந்த மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "இல்ல மாப்ள. அந்த மூக்கை யாரும் கேட்டு வாங்கியிருக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. தம்பி கண்ணாடி முன்னால் நின்று தன் மூக்கை அப்பாவின் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டான். செக்கரம்மா அம்மாவின் தகரப்பெட்டியைக் குடைந்தாள். மூன்று புடவை, ஒரு மூக்குக் கண்ணாடி, நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மின்சாரக் கட்டண ரசீது. ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மறைவெழுத்து இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள். இல்லை என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஒன்றுமே மறைக்காதவள் பெட்டியில் ஏதாவது வைத்திருப்பாள் அல்லவா?

மூன்றாம் நாள், கணவரின் வைத்தியப்படி, அவளால் பொறுக்கமுடியாமல் போயிற்று.

*

பக்கெட்டுக்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவுகிற ஆள். ஊரெல்லாம் அவரைத் தொட்டிக்காரர் என்றுதான் சொன்னார்கள். அன்று அவர் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தார், சரியாகச் சொன்னால் மாடிமேல் இருந்த தொட்டிக்குள் இருந்தார். பாட்டு தொட்டியின் வாயிலிருந்து புகைபோல் வந்தது. உள்ளே பாடுகிற ஒரு குரல் ஏழாக எதிரொலித்து, கீழே வகுப்பில் கணக்கு வாத்தியார் கழித்தலை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றிருந்தார்.

செக்கரம்மா இரும்பு ஏணியில் ஏறி, தொட்டியின் வட்ட ஓட்டை வழியாகத் தலையை விட்டாள்.

"ஏங்க."

ஏங்க, ஏங்க, ஏங்க என்றது தொட்டி.

தொட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "மேடம், அந்த டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுட்டேன். ஆனா எடுத்தேன். சத்தியமா எடுத்தேன்."

"டிக்கெட் வேணாம். உங்கம்மா எங்க இருக்காங்க?"

"செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு."

"பெத்த அம்மாவா?"

தொட்டிக்காரர் பிரஷ்ஷைச் சுவரில் சாய்த்தார். பாசி கலந்த தண்ணீர் அவர் கணுக்காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. "இது என்ன கேள்வி மேடம்? நீங்க எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க இப்போ?"

"சொல்லுங்க. என்ன வேலை பார்த்தாங்க?"

"சாயப்பட்டறையில. கொப்பரை பக்கம் நின்னு துணி முக்குற வேலை."

செக்கரம்மா ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவும் அங்கதான் இருந்தா. தம்பி பொறக்கிற வரைக்கும்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரே குடையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பார்க்கிற பார்வை அது.

"ஓ," என்றார் தொட்டிக்காரர். "அப்போ பாட்டு உங்கம்மாதுன்னு சொல்ல வந்திருக்கீங்க."

"சொல்லல. கேக்க வந்திருக்கேன்."

"நல்லா இருக்கு. மேடம், எங்கம்மா போனப்போ வீடு தம்பிக்குப் போச்சு. பாத்திரம் பண்டம் தங்கச்சி எடுத்துக்கிட்டா. எனக்கு வந்தது இது ஒண்ணுதான். அதுலயும் கடைசிச் சரணம் எனக்குன்னே பாடினது. நான்தான் மூத்தவன். ஸ்கூலுக்குக் கிளம்புறப்போ வாசல்ல நின்னு பாடுவாங்க. செத்துப்போன அவங்கம்மா வழி பூரா எனக்குத் துணைக்கு வருவாங்களாம், அதனால மொகம் தெரியாட்டியும் பாத்துக்கோன்னு சொல்லிவிடுறது. நான் சின்னதுல அழமாட்டேன். பசிச்சாக்கூட. எல்லாரும் சொல்லுவாங்க. இதை யாராச்சும் கட்டிவிட முடியுமா?"

"உங்களுக்கு நெஜமாவே அழுகை வராதா?"

"இப்போ வரும் போல இருக்கு."

அவர் காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காதை அவள் தலையைச் சாய்த்து இன்னொரு கோணத்தில் பார்த்தாள். இந்த மனிதன் தன் அண்ணனாக இருந்தால் முதலில் யாரிடம் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் என்றால் சண்டை போட அம்மா இருந்தாள்.

"பட்டறையில அம்மா காலத்து ஆளு, நீலக்கைன்னு ஒருத்தர் இன்னும் இருக்காராம்," என்றாள். "ரெண்டு பேரும் போய்க் கேட்டுடுவோம்."

"நீங்க முன்னாடியே அவரைப் பார்த்துப் பேசி வச்சிருந்தீங்கன்னா?"

செக்கரம்மாவுக்கு முதல் தடவையாக அவரைப் பிடித்துப்போயிற்று. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. இந்தப் புத்தி வெளியாளுக்கு வருமா?

*

சாயப்பட்டறை இருந்த தெருவில் வெள்ளை நாய் கிடையாது. சாக்கடையில் அன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறதோ அதுதான் நாய்க்கும். அவர்கள் போனபோது ஒரு பச்சை நாய் குறுக்கே போயிற்று. அதன் குட்டிகள் முந்தைய வாரத்தவை, அதனால் மஞ்சள்.

உள்ளே ஒன்பது கொப்பரைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் நின்று குளிக்கிற ஆழம். அடியில் நெருப்பு, மேலே நீராவி. நீண்ட கோல்களால் துணியை அமுக்கி, புரட்டி, மறுபடி அமுக்கிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். முகம் தெரியவில்லை, முழங்கையும் கோலும்தான் தெரிந்தன. நெருப்பின் இரைச்சலுக்குள் ஏதோ முணுமுணுப்பு மட்டும் கேட்டது. கூரையிலிருந்து ஆவி குளிர்ந்து சொட்டியது. வெளியே தூறல், உள்ளே அதைவிடப் பெரிய தூறல்.

நீலக்கைக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு கையும் முழங்கை வரை நீலம். நாற்பது வருடத்துக்கு முன்பு ஊறியது, சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை எதற்கும் மசியவில்லை. அவர் கையால் வாங்கிச் சாப்பிட்ட பேரப்பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே லேசான நீலமாகத்தான் முளைத்தது என்று பட்டறையில் சொல்வார்கள். பல்லைக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"அக்கா மகளா நீ?" என்றார் செக்கரம்மாவிடம். "உங்கம்மாவை நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். நான் சேர்ந்தப்போ எனக்குக் கோல் பிடிக்கத் தெரியாது. ஒரு தடவை கொப்பரைக்குள்ள விழப் பாத்தேன். காலரைப் பிடிச்சு இழுத்து நிறுத்தினாங்க. இல்லாட்டி முழுசும் நீலமா இருந்திருப்பேன்." பிறகு தொட்டிக்காரரைப் பார்த்தார். "நீ பக்கத்துக் கொப்பரைக்காரி மகன். சொல்லவே வேணாம். உன்னைப் பெக்க வலி எடுத்ததே இந்த வாசல்லதான். நாங்க நாலு பேர் தள்ளுவண்டியில வச்சுக் கொண்டுபோனோம். அவ வழி பூரா என்னைத் திட்டிக்கிட்டே வந்தா."

செக்கரம்மா அவர் காதைப் பார்ப்பதை விட்டாள். ஒரு சந்தேகம் ஒழிந்தது. ஒழிந்ததும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்ததுதான் அவளுக்கே புரியவில்லை.

"ஒரு பாட்டு," என்று ஆரம்பித்தார் தொட்டிக்காரர்.

"யாரோடதுன்னு கேக்கணும்," என்று முடித்தாள் செக்கரம்மா.

அதற்குள் மூன்றாவது கொப்பரையிலிருந்து ஓர் ஆள் கத்தினான்: "சிவப்பு, அஞ்சு முடிஞ்சுது!" கோல்கள் எழுந்தன. சிவப்புத் துணி நீராவியைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது.

"அஞ்சுன்னா?" என்றாள் செக்கரம்மா.

"அஞ்சு சரணம்," என்றார் நீலக்கை. "இந்த ஆவியில எந்தக் கடிகாரம் ஓடும்? முதலாளி ஒண்ணு வாங்கி மாட்டினார். மூணாம் மாசம் உள்ள தண்ணி தேங்கி, சின்ன முள்ளு முங்கிடுச்சு, பெரிய முள்ளு நீந்திக்கிட்டு இருந்துச்சு. கையில கட்டினா சாயம் பூந்துடும். துணி ஒரு நிமிஷம் கூடக் கெடந்தா நிறம் கருகிப்போகும், ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்தா வெளுத்துப்போகும். உங்கம்மா எப்பவும் ஒரு பாட்டு பாடிக்கிட்டே முக்குவாங்க. அக்கா துணி மட்டும் ஒரே மாதிரி வருதேன்னு பாத்தோம். பாத்தா, ஒவ்வொரு அடியும் ரெண்டு தடவை, நடுவுல ஒரு இழுப்பு, ஒரு சரணத்துக்கு மூணு நிமிஷம். ஒரு மயிரிழை கூடக்குறைய இருக்காது. அதையே எல்லாரும் பிடிச்சுக்கிட்டோம். மஞ்சளுக்கு மூணு. சிவப்புக்கு அஞ்சு. நீலத்துக்கு ஏழு. கறுப்புக்குப் பத்து. இன்னைக்கும் அதான். இங்க வேலை பாத்துட்டுப் போன ஒவ்வொருத்தர் வீட்லயும் இந்தப் பாட்டு இருக்கு. புள்ளைங்களைக் கேட்டா எங்கம்மா பாட்டுன்னுதான் சொல்லும். போன வருஷம் ரெண்டு பேர் இதுக்கே அடிச்சுக்கிட்டு வந்தாங்க."

தம்பிக்கு ஏன் அம்மா பாடவில்லை என்பது செக்கரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பிறந்ததும் அவள் வேலையை விட்டாள். பத்து வருடம் அளந்து அளந்து பாடிய வாய். வீட்டில் எதை அளக்க?

"அப்போ பாட்டு இவங்கம்மா கட்டினது," என்றார் தொட்டிக்காரர். சொல்லும்போது அவர் உயரத்தில் கால் அடி குறைந்த மாதிரி இருந்தது. "கடைசிச் சரணமுமா? மூத்தவன் வர்றான்னு வருமே, அதுவுமா?"

நீலக்கை அவரைப் பார்த்தார், பிறகு செக்கரம்மாவைப் பார்த்தார், பிறகு ஒன்பதாவது கொப்பரையைப் பார்த்தார். "கறுப்பு இறங்குது. குடைத்துணி. இந்த மழையில ஊருக்கெல்லாம் குடை வேணுமாம். கறுப்புக்குப் பாடுறவன் இன்னைக்கு லீவு. உனக்குத்தான் முழுசும் தெரியுமே, போய் நின்னு பாடு. அப்புறம் பேசுவோம்."

தொட்டிக்காரர் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். தொட்டிக்குள் ஏழாகக் கேட்ட குரல் இங்கே ஒன்றாக, ஈரமாக எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார். நான்கு பேர் அவர் இழுப்புக்கு அமுக்கினார்கள், அவர் மூச்சுக்குப் புரட்டினார்கள். செக்கரம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பழக்கதோஷம். ஒரு சரணம், மூன்று நிமிடம். இன்னொன்று, மூன்று நிமிடம். அடுப்பு மட்டும் சூடாக இருக்கிற சரணம் வந்தது. துணியை மடிக்க ஆளில்லாத சரணம் வந்தது. சீப்பு தலையில் இறங்குகிற மாதிரி அவளுக்குப் பிடரி கூசியது. அப்படியே அரை மணி நேரம் போயிற்று.

பத்தாவது முடிந்தது. "கறுப்பு!" என்றான் ஒருவன். கோல்கள் எழுந்தன. பாளம் பாளமாகக் கறுப்புத்துணி மேலே வந்து, கம்பியில் ஏறி, நகர்ந்துபோயிற்று. கொப்பரையில் வெறும் தண்ணீர் கொதித்தது.

தொட்டிக்காரர் கண்ணைத் திறக்கவில்லை. பதினொன்றாவது சரணத்தைத் தொடங்கினார்.

நான்கு பேரும் கோலைக் கீழே சாய்த்துவிட்டு, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அப்படியே நின்றார்கள். அடுத்த பாரம் பக்கத்திலேயே தயாராக இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"ஏன் நிக்கிறாங்க?" என்று செக்கரம்மா மெல்லக் கேட்டாள்.

"அவனுங்களையே கேளு."

பக்கத்தில் நின்றவன் சொன்னான்: "கொப்பரை ஆறணும்மா. இது முடியறதுக்குள்ள ஆறிடும். அதுக்குத்தான் இந்தச் சரணம்."

நீலக்கை அவளைக் கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக அழைத்துக்கொண்டு போனார். "ஒண்ணும் ஆறாது. மூணு நிமிஷத்துல என்ன ஆறும்? இவனுங்களுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "உனக்கு முன்னாடி ஒரு பையன் பொறந்தான்மா. அதோ அவனும் அதே வருஷம்தான், ஒரு மாசம் முன்னப்பின்ன. உங்கண்ணன் ரெண்டு நாள் இருந்தான். ரெண்டு நாளும் அழவே இல்ல. பால் குடிக்கவும் இல்ல."

செக்கரம்மா சுவரில் கை வைத்தாள். சுவர் வெந்நீரில் நனைந்திருந்தது.

"பத்து நாள்ல வேலைக்கு வந்துட்டாங்க. யாரும் வரச் சொல்லல. அன்னைக்கும் கறுப்பு. பத்து முடிஞ்சு துணியைத் தூக்கிட்டோம். அக்கா நிறுத்தல. கையில கோலு, எதிர்ல வெறும் தண்ணி. இந்தச் சரணம் அப்பத்தான் முதல் தடவை வந்துச்சு. அவங்கம்மாகிட்ட சொல்லுறாங்க, வர்றான், எடுத்துக்கோன்னு. நாங்க என்ன செய்ய முடியும்? நின்னோம். அடுத்த தடவை கறுப்பு போட்டப்பவும் பாடினாங்க. நின்னோம். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவர்தானே தூக்கிக்கிட்டுப் போனார். வீட்ல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டார். இங்க எடுக்கக் கூடாதுன்னு அவர் சொல்லலையே." நீலக்கை தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "பக்கத்துக் கொப்பரைக்காரி இதைத் தன் பையனுக்கு வாசல்ல நின்னு பாடியிருக்கான்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். பயந்திருப்பா. அவ பையன் இருந்தானே."

சரணம் முடிந்தது. நான்கு பேரும் குனிந்து கோலை எடுத்தார்கள்.

தொட்டிக்காரர் நீராவியைக் கையால் விலக்கிக்கொண்டு வந்தார். பத்து வயதுப் பையன் மதிப்பெண் அட்டைக்கு நிற்கிற மாதிரி நின்றார். "சொல்லிட்டாரா? யாரோடதாம்?"

செக்கரம்மா அவரைப் பார்த்தாள். இருபத்தொன்பது வருடத்தில் ஒருவரையும் அவள் சும்மா விட்டதில்லை. சொந்த மாமியாரையே நடுவழியில் இறக்கியவள். கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே மரியாதை.

"முதல் பத்தும் எங்கம்மா," என்றாள். "கடைசி ஒண்ணு உங்கம்மா கட்டிச் சேர்த்தது. உங்களுக்குன்னு."

தொட்டிக்காரர் நீலக்கை பக்கம் திரும்பினார். நீலக்கை தலையை ஆட்டினார். அந்த ஆவியில் அது ஆமாம் என்றா இல்லை என்றா என்பது அவருக்கே வெளிச்சம்.

"நெஜமாவா மேடம்?"

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

"அதான் நானும் யோசிக்கிறேன்," என்றார் அவர். பிறகு முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். நாற்பது வருடமாக அழாத மனிதர் என்று யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே அது பொய்யாகியிருக்கும்.

செக்கரம்மா கொப்பரை ஓரமாகப் போய் நின்றாள். "அந்தக் கடைசிச் சரணம் எனக்கு வராது," என்றாள். "எனக்கு யாரும் பாடினதில்ல. இன்னொரு தடவை பாடுங்க. மெதுவா."

"உங்களுக்கு எதுக்கு மேடம்? அது என்னோடதாச்சே."

"தெரியும். கத்துக்கத்தான். வீட்ல எனக்கு ஒரு தம்பி இருக்கான், அவனுக்குப் பாடிக் காட்டணும்."

அவர் ஒரு கணம் யோசித்தார், கொடுத்தால் குறைந்துவிடுமோ என்கிற மாதிரி. பிறகு பாடினார். அவள் அரை அடி பின்னால், நிறுத்தத்தின் பெயர் சொல்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாகத் தொடர்ந்துபோனாள். மூத்தவன் வர்றான் அம்மா. மொகம் ஒனக்குத் தெரியாது. மூன்றாவது அடியில் அவள் குரல் நின்றுவிட்டது. தொட்டிக்காரரும் நிறுத்தி, அவள் வந்து சேரும்வரை காத்திருந்து, அந்த அடியை மறுபடி எடுத்துக்கொடுத்தார்.

நான்கு பேரும் கோலை மறுபடி கீழே சாய்த்துவிட்டுக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.